த்ரீ நாட் த்ரீ லீ-என்ஃபீல்ட்: எது ஒரிஜினல், எது பின்னாடி சேர்த்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்கறது டொராண்டோ பக்கம். பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் சேர்க்குற பைத்தியம் பிடிச்சு பல வருஷம் ஆச்சு. நம்மாளுங்க சில பேர் இங்க லைசென்ஸ் எடுத்துட்டு "அண்ணா, ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், வாங்கலாமா"ன்னு போட்டோ அனுப்புவாங்க, எல்லாருக்கும் திரும்பத் திரும்ப அதே பதிலத்தான் டைப் பண்றேன், அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு.

கேள்வி: முதல்ல, லீ-என்ஃபீல்ட்னா எது? நம்ம ஊர் போலீஸ் வெச்சிருந்ததா?

அதேதான். ஸ்டேஷன் வாசல்ல சென்ட்ரி தோள்ல தொங்குமே, காலேஜ்ல என்சிசி பரேடுக்கு தூக்கிட்டு நின்னு கை வலிச்சிருக்குமே, அந்த த்ரீ நாட் த்ரீ. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தன்னிக்குத்தான் அதுக்கு விடை குடுத்தாங்க, கனடாவோட வடகோடியில இருக்கற ரேஞ்சர்ஸ் படையும் போன பத்தாண்டு வரைக்கும் இதத்தான் வெச்சிருந்தாங்க, பனிக்கு பயப்படாதுன்னு.

சேர்க்குறவங்க கைல அதிகமா வர்றது மூணு வகை. ஒண்ணு 1907-ல வந்த மார்க் 3, அதையே முதல் உலகப்போர்ல வேகமா செய்யணும்னு 1916-ல சுருக்கின மார்க் 3 ஸ்டார், இதுங்களுக்கு 1926-ல நம்பர் 1-னு பேர் மாத்துனாங்க. ரெண்டாவது நம்பர் 4, 1941-ல இருந்து லட்சக்கணக்குல வந்தது. மூணாவது நம்பர் 5, ஜங்கிள் கார்பைன்னு சொல்ற குட்டை ரைஃபிள், 1944-ல இருந்து 47 வரைக்கும்தான். செஞ்ச இடமும் நிறைய: இங்கிலாந்துல என்ஃபீல்ட், பிஎஸ்ஏ, ஃபசாக்கர்லி, மால்ட்பி, ஆஸ்திரேலியாவுல லித்கோ, அமெரிக்காவுல சாவேஜ், வங்காளத்துல இஷாபூர், இங்க கனடாவுல லாங் பிராஞ்ச். லாங் பிராஞ்ச் ஃபேக்டரியோட இன்ஸ்பெக்ஷன் கட்டடம் மிஸிசாகா லேக்‌ஷோர் ரோட்ல இன்னும் நிக்குது, இப்ப அங்க ஓவியக் கண்காட்சி நடக்குது.

கேள்வி: "ஒரிஜினல்"-னு எதைச் சொல்றது? ஃபேக்டரியில இருந்து வந்த மாதிரியே இருக்கணுமா?

இந்த ஒரு கேள்விக்கு பதில் புரிஞ்சுட்டா மீதி எல்லாம் தன்னால வந்துடும்.

இது பட்டாளத்து சாமான், அலமாரியில வெச்ச பொம்மை இல்ல. மழையில நனைஞ்சு, சேத்துல கிடந்து, பேரல் தேஞ்சு, ஆர்மரர் (பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கைக்குப் போய் புது பேரல் வாங்கிட்டு வந்து, இன்னொரு போருக்கும் போயிருக்கும். 1917-ல செஞ்ச ரைஃபிள்ல 1940 பேரல் இருந்தா அது குறையில்ல, அந்த ரைஃபிளோட வாழ்க்கையே அதுதான். போருக்கு அப்புறம் ஃபேக்டரிக்கே திருப்பி அனுப்பி முழுசா பிரிச்சு மேஞ்சு புதுசாக்குறதும் உண்டு, அதுக்கு எஃப்டிஆர்-னு பேர், ரிசீவர் (பேரலும் போல்ட்டும் மாட்டுற நடு இரும்புக் கூடு) இடப் பக்கம் எலெக்ட்ரிக் பென்சில்ல (இரும்புல கீறி எழுதற கருவி) வருஷத்தோட கிறுக்கியிருப்பாங்க. அப்படி வந்ததுல மரம் வேற, பெயிண்ட் வேற, குட்டிப் பார்ட்ஸ் பாதி வேறன்னு இருக்கும். அதுவும் எனக்கு ஒரிஜினல்தான்.

ஒரிஜினல் இல்லாதது எதுன்னா, பட்டாளத்த விட்டு வெளிய வந்த பிறகு, வாங்குறவன் கண்ணுக்கு அழகா தெரியணும்னோ விலை ஏறணும்னோ செஞ்சது. அதனால ஒரு பார்ட்ட பாக்கறப்ப "இது மாத்துனதா"ன்னு கேக்காதீங்க, "இத மாத்துனது ஆர்மரரா, வியாபாரியா"ன்னு கேளுங்க. கீழ நான் சொல்றது எல்லாமே இந்த ரெண்டு கையையும் பிரிச்சுப் பாக்கற வேலைதான்.

கேள்வி: சீரியல் நம்பர் எங்கெங்க இருக்கும்?

நம்பர் 1 வகையில ரிசீவர் முன்னாடி வளையத்துல வலப் பக்கம், அதுக்கு ஒட்டின மாதிரி பேரல்ல, போல்ட் (குண்ட உள்ள தள்ளிப் பூட்டற இரும்பு உருளை) கைப்பிடிக்குப் பின்னாடி, மூக்குல இருக்கற அந்த கனமான நோஸ் கேப்ல, பின் சைட் (குறி பாக்கறது) தகட்டுக்கு அடியில, அப்புறம் முன் மரத்தோட நுனிக்கு அடிப்பக்கம். அஞ்சாறு இடமும் ஒத்துப் போச்சுன்னா வாங்கிட்டு வேற வேலை பாருங்க, யோசிக்காதீங்க.

நம்பர் 4-ல இவ்ளோ கிடையாது. பட் (தோள்ல வெச்சு அழுத்தற பின் மரம்) மாட்டுற சாக்கெட் இடப் பக்கம், போல்ட் கைப்பிடிக்குப் பின்னாடி, சில சமயம் முன் மரத்து அடியில, அவ்ளோதான். லாங் பிராஞ்ச் நம்பர்ல நடுவுல எல்-னு ஒரு எழுத்து வரும், சாவேஜ்ல சி வரும், அது சிக்கப்பி ஃபால்ஸ்ங்கற ஊர். சாவேஜ்ல பெரும்பாலும் இடப் பக்கம் "யு.எஸ். ப்ராப்பர்ட்டி"-ன்னு அடிச்சிருக்கும். அதப் பாத்துட்டு அமெரிக்கப் படை பயன்படுத்துனதுன்னு சொல்லி விலை ஏத்துவாங்க, நம்பாதீங்க. கடனா குடுத்த கணக்குக்காக அடிச்ச முத்திரை அது, ரைஃபிள் போனது பிரிட்டிஷ்காரங்க கைக்குத்தான்.

கேள்வி: போல்ட் நம்பரும் ரிசீவர் நம்பரும் ஒண்ணா இருக்கு, அப்ப கவலை இல்லையே?

இல்லன்னு நெனச்சுத்தான் நானும் ஏமாந்தேன். ஆரம்பத்துல ஒரு கன் ஷோவுல 1943 லாங் பிராஞ்ச் ஒண்ணு, "ஆல் மேட்சிங்"-னு அட்டை தொங்குது, நம்பர் ரெண்டும் ஒண்ணுதான், காச எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மேஜை விளக்குக்கு அடியில பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா போல்ட்ல இருக்கற 4-ஓட தலை மூடியிருக்கு, சாக்கெட்ல இருக்கற 4 தலை திறந்திருக்கு. சரி, ரெண்டு வேற அச்சுன்னு வெச்சுக்கலாம். ஆனா போல்ட் கைப்பிடியோட அந்தப் பரப்பு லேசா பள்ளமா இருக்கு, நகத்த வெச்சு ஓட்டுனா ஒரு குழி தட்டுது, வெளிச்சத்த சாச்சுப் பாத்தா அரத்துக் கோடு தெரியுது. பழைய நம்பர அரம் போட்டு எடுத்துட்டு புது நம்பர் அடிச்சு, மேல கோல்ட் ப்ளூ (சூடு பண்ணாம இரும்ப கருப்பாக்கத் தடவற மருந்து) தடவியிருக்கான் யாரோ.

பட்டாளத்து ஆர்மரரும் போல்ட் மாத்துவான், அவன் பழைய நம்பர மறைக்கணும்னு மெனக்கெட மாட்டான், பெரும்பாலும் குறுக்க ஒரு கோடு அடிச்சுட்டு பக்கத்துலயே புது நம்பர் போடுவான், அவனுக்கு யாரையும் ஏமாத்த வேண்டிய அவசியம் இல்லயே. கோடு போட்ட நம்பர் இருந்தா சந்தோஷப்படுங்க. சுத்தமா வழவழன்னு இருக்கற இடத்துல புது நம்பர் மட்டும் இருந்தா யோசிங்க. நம்பர் ஓரத்துல உலோகம் சின்னதா மேல எழும்பி கூர்மையா குத்துச்சுன்னா அது சமீபத்துல அடிச்சது, எம்பது வருஷம் கை பட்ட எழுத்து ஓரம் மழுங்கியிருக்கும்.

இன்னொண்ணு, போல்டும் ரிசீவரும் சும்மா நம்பருக்காக ஜோடி சேர்த்தது இல்ல. போல்ட்ல இருக்கற ரெண்டு பிடிப்பும் ஒரே அளவுல அழுந்தணும்னு கையால பொருத்திப் பாத்து அடிச்ச நம்பர் அது. அதனால நம்பர் பொய்யா இருந்தா விலையோட போற விஷயம் இல்ல.

கேள்வி: குட்டிக் குட்டி எழுத்து அடிச்சிருக்கே, அதுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?

உண்டு, ஆனா எல்லாத்தையும் படிக்கணும்னு உக்காந்தீங்கன்னா வீட்ல சோறு கிடைக்காது. செஞ்ச இடத்தச் சொல்றது மட்டும் தெரிஞ்சா போதும். என்ஃபீல்ட் பார்ட்ஸ்ல இஎஃப்டி, லாங் பிராஞ்ச்ல எல்பி, சாவேஜ்ல எஸ், பிஎஸ்ஏ ஷெர்லி ஃபேக்டரிக்கு போர்க்காலத்துல எம்47-னு ரகசியக் குறியீடு. லாங் பிராஞ்ச் ரைஃபிள்ல பேண்ட் (மரத்தையும் பேரலையும் சேர்த்துப் பிடிக்கற வளையம்), மேகசின், காக்கிங் பீஸ், சேஃப்டி எல்லாத்துலயும் எல்பி வந்துச்சுன்னா அத யாரும் பிரிச்சு மேயலன்னு ஒரு நம்பிக்கை வரும். நடுவுல ஒண்ணு ரெண்டு எஸ் வந்தா பரவாயில்ல, டிப்போவுல எல்லா பார்ட்ஸும் ஒரே டப்பாவுலதான் கிடந்திருக்கும்.

அம்புக்குறி மட்டும் தனியா இருந்தா பிரிட்டிஷ் அரசு சொத்து, சி எழுத்துக்குள்ள அம்பு இருந்தா கனடா, ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நின்னா அரசாங்கம் வித்துட்டாங்கன்னு அர்த்தம். பேரல் மேல "18.5 டன்ஸ்", "2.222"-ன்னு எல்லாம் அடிச்சிருந்தா அதப் பட்டாளத்து முத்திரைன்னு விக்கறாங்க, இல்லவே இல்ல, இங்கிலாந்துல தனியாருக்கு விக்கறப்ப சோதனை பண்ணி அடிச்ச மார்க் அது. அதுனால ரைஃபிள் கெட்டுப் போகல, கதையில கடைசி அத்தியாயம்னு வெச்சுக்கங்க.

கேள்வி: இரும்போட ஃபினிஷ் ஒரிஜினலான்னு எப்படி கண்டுபிடிக்கறது? எனக்கு எல்லாம் கருப்பாத்தான் தெரியுது.

எல்லாம் கருப்புதான், ஆனா கருப்புலயே வகை இருக்கு. முதல் உலகப்போர் காலத்து ரைஃபிள்ல ஆழமான கருநீலம், தேயத் தேய காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும், போல்ட் கைப்பிடி குண்டு, மேகசின் ஓரம், தூக்கிப் பிடிக்கற இடம் எல்லாம் வெள்ளியா மின்னும். ரெண்டாம் போர் நடக்கறப்ப செஞ்ச நம்பர் 4-ல அவசரம் தெரியும், மெஷின் கோடு அப்படியே இருக்கும், மேல மங்கலான கருப்பு. போருக்கு அப்புறம் ஃபசாக்கர்லியில செஞ்சதும் எஃப்டிஆர் ஆனதும் பெரும்பாலும் பாஸ்பேட் போட்டு அதுக்கு மேல சன்கோரைட்-னு ஒரு கருப்பு பெயிண்ட் அடிச்சு அடுப்புல சுட்டது. அதனால "அய்யோ பெயிண்ட் அடிச்சிருக்கான், சுரண்டிட்டு ப்ளூ பண்ணிடலாம்"னு இறங்காதீங்க. ஒருத்தர் அப்படித்தான் ஒரு நல்ல எஃப்டிஆர் ரைஃபிள பெயிண்ட் ரிமூவர் போட்டு கழுவி பளபளன்னு ஆக்கி போட்டோ அனுப்புனாரு, நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாள் ஓட்டுனேன்.

இப்ப கண்டுபிடிக்கற விஷயம். மொதல்ல துருக்குழிகளப் பாருங்க. இரும்புல ஊசி முனையளவு பள்ளம் இருக்கா, அந்தப் பள்ளத்துக்கு உள்ளயும் கருப்பு சமமா ஓடுதா? அப்படின்னா துரு பிடிச்ச பிறகு ப்ளூ பண்ணியிருக்காங்க. ஒரிஜினல் ஃபினிஷ்ல துரு வந்தா அது கருப்பத் தின்னுட்டுத்தான் பள்ளம் போடும், பள்ளத்துக்குள்ள பழுப்பா இருக்கும். இந்த ஒரு டெஸ்ட் மட்டும் என்னைய நாலஞ்சு தடவ காப்பாத்தியிருக்கு.

அடுத்து எழுத்து. கிரீடம், வருஷம், "எஸ்ஹெச்டி எல்இ 3 ஸ்டார்"னு சாக்கெட் வலப் பக்கம் இருக்கும், அந்த எழுத்தோட ஓரம் கூர்மையா இருக்கா, இல்ல சோப்புல எழுதுன மாதிரி வழிஞ்சு கிடக்கா? பஃபிங் சக்கரத்துல வெச்சு தேச்சா எழுத்து ஓரம் வழியும், ரிசீவரோட கட்டமான முனைகளும் உருண்டு போகும். திருகாணித் தலையும் அப்படியே, தலை வழவழன்னு மின்னுது ஆனா கீத்து மட்டும் நஞ்சு போயிருக்குன்னா யாரோ கழட்டி மெருகு போட்டிருக்காங்க.

அப்புறம் மோந்து பாருங்க, சிரிக்காதீங்க. கோல்ட் ப்ளூ போட்ட இடத்த உள்ளங்கை சூட்டுல கொஞ்ச நேரம் தேச்சா ஒரு கெட்ட வாடை வரும், முட்டையும் செம்பும் கலந்த மாதிரி, ஒரு தடவ பழகிட்டா அப்புறம் விடவே விடாது. என் மனைவி இதப் பாத்துட்டு "மீன் மார்க்கெட்லயாவது இப்படி மோந்து பாத்து வாங்குனீங்களா"ன்னு கேட்டாங்க.

கடைசியா, விக்கறவர் சம்மதிச்சா மேல் ஹேண்ட்கார்ட கழட்டிப் பாருங்க. மரத்துக்கு அடியில வெளிச்சமும் கையும் படாத இரும்பு இருக்கும், அதோட நிறமும் வெளிய இருக்கற நிறமும் ஒரே வம்சமா இருக்கணும். வெளிய கண்ணாடி மாதிரி கருநீலம், உள்ள சாம்பல் பாஸ்பேட்னா கேள்வி கேளுங்க.

கேள்வி: மரம்?

மரத்துலதான் அதிகமா கைவெச்சிருப்பாங்க, ஏன்னா உப்புத்தாள் எல்லார் வீட்லயும் இருக்கு.

பட்டாளத்துல வார்னிஷ் கிடையாது. ஆளி விதை எண்ணெய், இங்க லின்சீட் ஆயில், அதுலயே ஊற வெச்சு, அப்புறம் சிப்பாய் கையால தேய்ச்சு தேய்ச்சு மெருகேத்துனது. பழைய மரம் கருஞ்சிவப்பா, கை பட்ட இடம் மட்டும் மினுமினுன்னு, மத்த இடம் மங்கலா இருக்கும். டைனிங் டேபிள் மாதிரி ஒரே சீரா பளபளத்தா அது வியாபாரி வேலை.

உப்புத்தாள் போட்டத கண்டுபிடிக்க கண்ணு வேண்டாம், விரல் போதும். பித்தளை பட் பிளேட்டும் மரமும் சேர்ற இடத்துல விரல ஓட்டுங்க. ஒரிஜினல் மரம் உலோகத்த விட ஒரு தாள் கனத்துக்கு உசந்து நிக்கும், தேச்ச மரம் உலோகத்துக்கு கீழ இறங்கி விரல்ல உலோக ஓரம் தட்டும். பட் வலப் பக்கத்து வட்ட முத்திரையும் பாதி அழிஞ்சிருக்கும், மரம் மட்டும் புதுசா இருக்கும், முத்திரை மட்டும் எப்படிய்யா தேஞ்சுது?

பட் மேல் பக்கம், பிளேட்டுக்கு ஒட்டுன மாதிரி எல், எஸ், பி-ன்னு ஒரு எழுத்து இருந்தா அது நீளம். எல்-னா நெட்டை ஆளுக்கு, எஸ்-னா குட்டை, பி-ன்னா பாண்டம், அதாவது ரொம்பவே குள்ளமான ஆளுங்கள சேர்த்து அமைச்ச படைப்பிரிவுக்கு. எனக்கு இதுல ஒரு தனி மயக்கம், எழுத்தப் பாத்ததும் அந்த ரைஃபிள தூக்குன ஆளோட உயரம் கண்ணு முன்னாடி வந்துடும்.

மர வகையும் சாட்சி சொல்லும். பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்னா வால்நட், போர்க்கால நம்பர் 4-ல பீச், பர்ச் எல்லாம் கலந்து வரும். லித்கோன்னா கோச்வுட், இல்ல குயின்ஸ்லாந்து மேப்பிள். கோச்வுட் கொஞ்சம் மிருதுவான மரம், அதனால உதைப்பு தாங்குற இடத்துல செம்புத் தகடு வெச்சிருப்பாங்க. போர்க்காலத்துல மரம் கடைஞ்சு குடுத்தவங்கள்ல ஸ்லாசெஞ்சரும் ஒருத்தர், ஆமா, டென்னிஸ் மட்டை கம்பெனிதான், முன் மரத்துல "ஸ்லாஸ்"-னு முத்திரை இருக்கும்.

நம்பர் 1 ரைஃபிள்ல ஒரு எச்சரிக்கை: மரத்தப் பாக்கணும்னு பட்-ட முதல்ல கழட்டிடாதீங்க. பட் போல்ட்டோட முனை சதுரமா இருக்கும், அது முன் மரத்துல இருக்கற ஒரு தகட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கும், பட்-ட திருகுனா முன் மரம் படக்குன்னு பிளந்துடும். முன் மரத்த இறக்கிட்டுத்தான் பட். பின்பக்கம் பிளந்து ஒட்டுன முன் மரம் இவ்ளோ சந்தையில சுத்துதே, நிறைய பேர் இப்படித்தான் உடைச்சிருப்பாங்கன்னு என் சந்தேகம்.

கேள்வி: மார்க் 3-ல கட்-ஆஃப், வாலி சைட் எல்லாம் முழுசா இருக்கு, அதிக விலை குடுக்கலாமா?

கட்-ஆஃப்னா மேகசின மூடி ஒவ்வொரு குண்டா போட வைக்கற தகடு, வாலி சைட்னா இடப் பக்கம் மரத்துல ஒட்டியிருக்கற வட்டத் தகடும் முள்ளும், தூரத்துல கூட்டமா நிக்கறவங்க மேல எல்லாரும் சேர்ந்து சுடறதுக்கு. 1916 ஸ்டார் மாடல்ல இத ரெண்டையும் விட்டுட்டாங்க, பழைய ரைஃபிள் ரிப்பேருக்கு வர்றப்பவும் கழட்டிப் போட்டுட்டாங்க. அதனால முழுசா மிஞ்சினது அபூர்வம், அபூர்வம்னா நகல் வரும், புதுசா செஞ்ச தகடுங்க நல்லாவே கிடைக்குது.

சாக்கெட்ல வருஷத்தையும் மாடலையும் பாருங்க. ஸ்டார் போட்டிருந்து வாலி சைட்டும் இருந்தா யாரோ ஆசப்பட்டு மாட்டியிருக்காங்க, இல்ல மரம் வேற ரைஃபிளோடது. தகட்டச் சுத்தி மரத்துல நூறு வருஷ அழுக்கும் நிழல் கோடும் இருக்கணும், வெட்டு புதுசா பால் நிறத்துல தெரிஞ்சா விட்டுடுங்க. ஆனா ஸ்டார் ரைஃபிள்ல கட்-ஆஃப் மாட்டுற கீத்து மட்டும் காலியா இருந்தா தப்பில்ல, நிறைய இருக்கு.

கேள்வி: ஸ்னைப்பர் ரைஃபிள்னு ஒருத்தர் விக்கறார், ஸ்கோப்போட.

உக்காருங்க, தண்ணி குடிங்க. நம்பர் 4 டி-ங்கறது இந்த உலகத்துல அதிகமா போலி வர்ற சாமான். போர்க்காலத்துல நல்லா குறி விழற ரைஃபிள பொறுக்கி எடுத்து லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கு அனுப்பி ஸ்கோப் மாட்டுனாங்க, லாங் பிராஞ்சும் கொஞ்சம் தானே செஞ்சாங்க.

ஹாலண்ட் வேலைன்னா பட் அடிப்பக்கம் எஸ்51-னு அடிச்சிருக்கும், ரிசீவர் இடப் பக்கம் ஒரு டி, சாக்கெட்ல டிஆர்னு இருக்கலாம். பட் மேல் பக்கம் கழுத்துல ஒரு நம்பர் இருக்கும், அது ரைஃபிள் நம்பர் இல்ல, ஸ்கோப்போட நம்பர். ஸ்கோப் பிராக்கெட்ல ரைஃபிள் நம்பர். இப்படி ஒண்ணுக்கொண்ணு சாட்சியா நிக்கும். பின் சைட்ல சாதாரண ரைஃபிளுக்கு இருக்கற கிட்டத்து ஓட்டைய ஸ்கோப் இடிக்கும்னு தேச்சு எடுத்திருப்பாங்க. இடப் பக்கம் ஸ்கோப் பிராக்கெட் உக்கார ரெண்டு பேட் (இரும்புத் துண்டு) வெச்சு திருகாணி போட்டு, திருகாணி கழண்டு வரக்கூடாதுன்னு ஓரத்துல குத்தி நெரிச்சிருப்பாங்க, புது வேலையில இந்த நெரிப்பு இல்லாம இருக்கும், இல்ல ரொம்ப அழகா இருக்கும்.

முத்திரை எல்லாத்தையும் அடிச்சுட முடியும். ஆனா எல்லா முத்திரையும் ஒரே அளவு தேஞ்சிருக்கணும், மேல ஓடற ஃபினிஷ் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இறங்கியிருக்கணும், அங்கதான் போலி மாட்டும். ரைஃபிளும் ஸ்கோப்பும் பிரிஞ்சு ஸ்கோப் வேறயா போன நிஜமான டி-யும் நிறைய உண்டு, மனசுல வெச்சுக்கங்க.

கேள்வி: ஜங்கிள் கார்பைன்?

நம்பர் 4-ஐ வெட்டி, முன்னாடி புனல் மாதிரி ஃப்ளாஷ் ஹைடர் (சுடறப்ப வர்ற தீப்பிழம்ப மறைக்கறது) ஒட்டி வித்தவங்க ஏராளம். நிஜ நம்பர் 5-ல எடை குறைக்க ரிசீவர்லயே இரும்ப குடைஞ்சிருப்பாங்க, பேரல் ரிசீவரோட சேர்ற தடிச்ச பகுதியிலயும் பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் குண்டுக்குள்ள துளை இருக்கும், பின் சைட் 800 கெஜம் வரைக்கும்தான். இடப் பக்கம் நம்பர் 5-னு எலெக்ட்ரிக் பென்சில் எழுத்து. ஃப்ளாஷ் ஹைடர மட்டும் பாத்துட்டு காசு குடுக்காதீங்க.

கேள்வி: இஷாபூர் ரைஃபிள் மட்டம்னு சொல்றாங்களே?

சொல்றவங்க சொல்லட்டும், எனக்குப் பிடிக்கும். சுதந்திரத்துக்கு முன்னாடி கிரீடமும் ஜிஆர்ஐ-யும் (ஜார்ஜ் மன்னரோட முத்திரை), அப்புறம் அசோகர் சிங்கமும் ஆர்எஃப்ஐ-யும் (ரைஃபிள் ஃபேக்டரி இஷாபூர்), ஒரே ஃபேக்டரி ஒரே ரைஃபிள், முத்திரையில மட்டும் நாடு மாறியிருக்கும். மேகசினுக்கு முன்னாடி முன் மரத்துல குறுக்கால ஒரு திருகாணி ஓடும், மரம் பிளக்காம இருக்க இஷாபூர்ல போட்டது, வேற நாட்டு ரைஃபிள் இந்தியாவுக்கு வந்து ரிப்பேர் ஆகியிருந்தாலும் அந்தத் திருகாணி இருக்கும். விஷயம் தெரியாதவங்க "யாரோ ஓட்டை போட்டு கெடுத்துட்டான்"னு வெல குறைச்சுக் கேப்பாங்க, நீங்க கேக்கறப்ப கமுக்கமா இருங்க. கெட்டியான கருப்பு பெயிண்டும் பல ரைஃபிள்ல அங்கயே அடிச்சதுதான்.

முன் பாதி முழுக்க கம்பி சுத்தியிருந்தா அது கிரனேட் வீசறதுக்கு ஒதுக்குனது, கம்பியப் பிரிக்காதீங்க. 410 மஸ்கட்னு ஒண்ணு உண்டு, காவல்காரங்களுக்காக குழல் உள்பக்கம் வழவழன்னு இருக்கற துப்பாக்கியா மாத்துனது, மேகசின்ல மரக்கட்டை இருக்கும். அப்புறம் 1960-கள்ல வந்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்ங்க 7.62 குண்டுக்குன்னே புதுசா செஞ்சது, பழைய த்ரீ நாட் த்ரீய மாத்துனது இல்ல. சதுரமான மேகசினப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

கேள்வி: ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்ததுன்னு ஒண்ணு, விக்டோரியா முத்திரையோட 1919 போட்டிருக்கு. அபூர்வமா?

விக்டோரியா 1901-லயே காலமாயிட்டாங்க, பதினெட்டு வருஷம் கழிச்சு எப்படி முத்திரை குத்துனாங்க? இது கைபர் பக்கம், தர்ரா ஆதம் கேல் மாதிரி ஊர்கள்ல கையால அடிச்சு எடுத்த நகல். என்ஃபீல்ட்ங்கற இங்கிலீஷ் எழுத்துல ஒண்ணு தலைகீழா இருக்கும், கிரீடம் கோழிக்கொண்டை மாதிரி இருக்கும், கோடு கோணலா ஓடும். ஒரு கைவினைப் பொருளா பாத்தா அற்புதம், அரத்தையும் சுத்தியலையும் வெச்சுக்கிட்டு இவ்ளோ செஞ்சிருக்கான். சுவத்துல மாட்டலாம். சுடவே கூடாது, இரும்பு என்ன இரும்புன்னு செஞ்சவனுக்கே தெரியாது.

கேள்வி: வேட்டைக்காக வெட்டுன ரைஃபிள திரும்ப முழுசாக்கி விக்கறாங்களே, அது?

கனடாவுல தாத்தா காலத்துல இது சல்லிசா கிடைச்சப்ப மான் வேட்டைக்காக முன் மரத்த வெட்டி எடுத்தாங்க. இப்ப புது மரம் போட்டு முழுசாக்கறாங்க. முழுசாக்குனேன்னு சொல்லி வித்தா மரியாத, சொல்லாம வித்தா மோசடி. முன் மரமும் பட்டும் நிறம் ஒட்டாது, பேண்ட்ங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கருப்பு. நம்பர் 1-ல நோஸ் கேப் நம்பர் ஒத்துப் போகாது, முன் மரத்துக்குள்ள பேரலத் தாங்கி ஒரு குட்டி ஸ்பிரிங்கும் குமிழும் இருக்கணும், அது பாதிப் பேர் போடறதே இல்ல. ரிசீவர் மேல ஸ்கோப்புக்கு துளை போட்டு அடைச்சிருக்கான்னும் தடவிப் பாருங்க.

கேள்வி: வாங்குனத சுடலாமா?

டிபி-ன்னு முத்திரை இருந்தா அது பரேடுக்கு மட்டும், நம்ம என்சிசி பசங்க தூக்குற மாதிரி, சுடறத மறந்துடுங்க. மத்தது கன்ஸ்மித் கிட்ட குடுத்து ஹெட்ஸ்பேஸ் (மூடுன போல்ட்டுக்கு முன்னாடி குண்டு உக்கார்ற இடைவெளி) பாருங்க, ராணுவ அளவுல 0.064 இஞ்ச் கேஜுக்கு போல்ட் மூடணும், 0.074-க்கு மூடக்கூடாது. நம்பர் 4-லயே மார்க் 1 ஸ்டார்-ங்கற வகையில போல்ட் எடுக்கறதுக்கு ரிசீவர் தண்டவாளத்துல ஒரு வெட்டு இருக்கும், அந்த முனை செதிலா உடைஞ்சிருக்கான்னு பாருங்க, அது இந்த மாடலோட வியாதி.

கேள்வி: ஊருக்கு எடுத்துட்டுப் போய் வெச்சுக்கலாமா?

முடியாது. ராணுவக் குண்டு போடற த்ரீ நாட் த்ரீ இந்தியாவுல சாதாரண லைசென்ஸ்ல அடங்காத தடை செஞ்ச ரகம். அங்க தனியாருக்குன்னே இஷாபூர்ல அதே லீ-என்ஃபீல்ட் அமைப்புல 315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் செஞ்சாங்க, மிராசுதார் வீடுகள்ல பாத்திருப்பீங்க.

கேள்வி: எப்படி சுத்தம் பண்றது?

முடிஞ்ச வரைக்கும் பண்ணாதீங்க. பழைய கிரீஸ் இருந்தா துணியால துடைச்சு எடுங்க, இரும்புக்கு மெல்லிசா எண்ணெய், மரத்துக்கு கைசூட்டுல ரெண்டு சொட்டு பச்சை (காய்ச்சாத) லின்சீட். பித்தளைய பிராசோ போட்டு விளக்காதீங்க, குத்துவிளக்கு இல்ல அது. ஃபசாக்கர்லி நம்பர் 4 மார்க் 2 சிலது இன்னும் கிரீஸ் தாள் சுத்துனபடியே கிடைக்கும், அத பிரிக்கற கை என் கை இல்ல.

கேள்வி: என் ரைஃபிள்ல போல்ட் நம்பர் மட்டும் ஒட்டல. நம்பர் இல்லாத பழைய ஸ்பேர் போல்ட் கிடைக்குது, என் நம்பரையே அடிச்சு போட்டுக்கலாமா? விக்கப் போறதில்ல.

நீங்க விக்க மாட்டீங்க, உங்க பையன் விப்பான். அவனுக்குத் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. போல்ட் மாத்தணும்னா கன்ஸ்மித் கிட்ட பொருத்திக்கங்க, நம்பர் அடிக்காதீங்க. அந்த 1943 லாங் பிராஞ்ச நான் இன்னும் வெச்சிருக்கேன். கன்ஸ்மித் பாத்து ஹெட்ஸ்பேஸ் சரியா இருக்குன்னுட்டாரு, பொய் நம்பர் போல்ட்டோடவேதான் இருக்கு. பட் பிளேட் மூடியத் திறந்தா எண்ணெய் பாட்டில் வைக்கற குழி, அதுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு சுருட்டி வெச்சிருக்கேன்: "போல்ட் நம்பர் பின்னாடி அடிச்சது, அரம் போட்ட தடம் பாருங்க". தமிழ்லயும் இங்கிலீஷ்லயும்.